ஆசானின் சொல்லும் தன் அறிவும்

எபிரேய மொழியிலே ‘தெஷுவா’ என்றொரு சொல் உண்டு. திரும்புதல் என்பது அதன் முதற் பொருள். நெறி தவறியவன் மனம் வருந்தி மீண்டும் நெறிக்கு வருதலை யூதர் இச்சொல்லாலேயே குறிப்பர். அதே சொல்லுக்கு ‘விடை’ என்றும் பொருளுண்டு. சமய ஒழுக்கம் இல்லாத இல்லத்தில் வளர்ந்து, பின்னர் தானாகவே அவ்வொழுக்கத்தை மேற்கொண்டவனை இஸ்ரேலில் ‘தெஷுவாவில் மீள்பவன்’ என்பர். வைதிக இல்லத்தில் பிறந்து அதனை விட்டு வெளியேறுபவனுக்கு அந்நாட்டு மக்கள் வேடிக்கையாக மற்றொரு பெயர் படைத்துக்கொண்டனர். அவன் ‘வினாவில் மீள்பவன்’. ஒருவன் விடையை நோக்கித் திரும்பினான். மற்றவன் வினாவை நோக்கிச் சென்றான்.

இது வெறுஞ் சிலேடைதான். ஆயினும் அதனுள்ளே ஒரு கடா ஒளிந்திருக்கிறது. விடையை நாடி வந்தவன், கோயில் வாயிலிற் பாதரட்சையைக் கழற்றி வைப்பதுபோலத் தன் வினாக்களை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருதல் வேண்டுமோ? தன் சமய ஆசானாகிய ரபீயின் சொல்லுக்கு அவன் எவ்வளவு தூரம் அடங்குதல் வேண்டும்? எவ்விடத்திலே தன் அறிவைத் துணைக்கொள்ளலாம்? இக்கேள்விகள் யூத சமுதாயத்திலே இன்றும் சூடாக வாதிக்கப்படுவன. ரபீ என்னுஞ் சொல் புதிய ஏற்பாட்டைப் பயின்றோருக்குப் பழக்கமானதே. ஆயின் அச்சொல்லாற் குறிக்கப்படுபவர் பூசை செய்யும் குருக்கள் அல்லர். சட்டம் கற்று, சட்டம் உரைக்கும் ஆசான்.

இத்தகைய மீட்சி யூதருக்குப் புதியதன்று. எனினும் அஃது ஓர் இயக்கமாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயாம். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் லுபாவிச் என்னும் ஹசிதியக் கூட்டத்தார் 1962 இல் இத்தகையோருக்கெனவே ஒரு வேதப்பள்ளியை நிறுவினர். 1967 ஜூன் மாதப் போரின் பின்னர் எருசலேமின் பழைய நகரைக் காண வந்த மேனாட்டு யூத இளைஞர் பலர், ஊர் திரும்பாது அங்கேயே தங்கிக் கற்கத் தொடங்கினர். ஓர் சோமயாக் என்னும் பள்ளியும், பெண்களுக்கென நெவே யெருஷலாயிம் என்னும் பள்ளியும் எழுபதுகளின் தொடக்கத்தில் எழுந்தன. 1974 இல் ரபீ நோவா வைன்பேர்க் என்பார் ஏஷ் ஹத்தோரா என்னும் நிலையத்தை அமைத்தார். அங்கு வந்தோருட் பலர் சர்வகலாசாலை மாணவர். மெய்யியலும் பௌதிகமும் கற்றவர். தந்தையார் சொல்லையும் பேராசிரியர் சொல்லையும் ஒருங்கே ஐயுற்றவர். அவ்வாறு ஐயுற்றமையினாலேயே அவர்கள் அங்கு வந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. பிறந்த இல்லத்தின் வழக்கத்தை விட்டு, நண்பரின் நகைப்பையும் பொருட்படுத்தாது, தனித்து நின்று ஒரு முடிவு செய்தவர்களுக்கு, அம்முடிவு செய்த மறுநாளே ‘இனி நீ முடிவு செய்யற்க, கேட்டு நட’ என்று சொல்லப்பட்டால் எப்படியிருக்கும்?

ஆயினும் அவர்கள் கேட்டே நடக்க வேண்டியவராயினர் என்பதும் உண்மையே. இதற்குக் காரணம் அடுக்களையிலே கிடக்கிறது.

யூத சட்டப்படி இறைச்சியும் பாலும் சேர்த்துண்ணல் ஆகாது. இறைச்சி உண்டபின் பால் உணவு கொள்ளச் சில மணித்தியாலங்கள் காத்திருத்தல் வேண்டும். எத்தனை மணித்தியாலம்? கிழக்கு ஐரோப்பிய யூதரிற் பெரும்பாலார் ஆறு என்பர். ஜேர்மானிய யூதர் மூன்று என்பர். ஒல்லாந்து யூதரோ ஒரு மணித்தியாலத்துடன் அமைவர். மூன்றும் சட்டத்திற்கு இசைந்தனவே. வைதிக இல்லத்திற் பிறந்த பிள்ளை இக்கணக்கை நூலிற் படிப்பதில்லை. தாய் எப்பொழுது பாற்கோப்பையைக் கையில் தருகிறாளோ அப்பொழுதே அறிந்துகொள்கிறது. பஸ்காப் பண்டிகை எட்டு நாளும் வட ஐரோப்பிய வழிவந்த யூதர் அரிசியையும் பருப்பையும் தொடமாட்டார். ஸ்பானிய, கீழைத்தேய வழிவந்த யூதரிற் பலர் அவற்றை உண்பர். புதிதாகத் திரும்பியவனுக்குத் தன் பாட்டி எதனைச் செய்தாள் என்பது தெரியாது. தாயைக் கேட்டால் அவளுக்குந் தெரியாது. ஆகவே அவன் ஆசானைக் கேட்கிறான். ஆசான் தம் வழக்கத்தைச் சொல்லுகிறார், அல்லது நூலிலுள்ள மிகக் கடுமையான கருத்தைச் சொல்லுகிறார். வந்தவன் அதனைச் சட்டமென்றே கொள்கிறான்.

வரலாற்றறிஞர் ஹாயிம் சொலொவைச்சிக் 1994 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலே இதனையொட்டிய ஒரு பெரிய மாற்றத்தை விளக்கினார். முன்னாளில் யூத ஒழுக்கம் இல்லத்திலும் தெருவிலும் பார்த்துப் பழகிய ஒன்றாயிருந்தது. ஐரோப்பிய ஊர்கள் கலைந்து மக்கள் புலம்பெயர்ந்தபின், பார்த்துப் பழகும் அம்மரபு அறுந்தது; அதனிடத்தை நூல் பிடித்துக்கொண்டது. நூல் ஆட்சி பெற்றவிடத்து, நூலுக்குப் பொருள் உரைப்பவரும் ஆட்சி பெறுவர் அன்றோ? ஓய்வுநாள் மாலையில் திராட்சரசத்தை ஏந்தி வாழ்த்துரைக்கும் வெள்ளிக் கிண்ணத்தைப் பாருங்கள். பாட்டனார் வாழ்நாள் முழுதும் ஏந்திய கிண்ணம், நூலிலுள்ள அளவைப் புதிதாகக் கணக்கிட்டபோது சிறிதென்று தோன்றலாயிற்று. வைதிக இல்லத்துப் பேரனுக்கே இக்கதியாயின், கிண்ணமே இல்லாத வீட்டிலிருந்து வந்தவன் என் செய்வான்!

இதற்கு எதிர்மாறான ஓர் உதாரணம் நமக்கு அணித்தேயுள்ள கொச்சியிலே கிடைக்கிறது. கொச்சி யூதருக்கு ரபீ பட்டம் பெற்ற குருமார் இருந்ததில்லை. ‘முதலியார்’ என்ற பட்டம் தாங்கிய தலைவரும், கற்ற மூத்தோரும், சட்டப்படி விலங்கு அறுப்போருமே அவர்களை நடத்தினர். வீட்டு வழக்கமும் ஏட்டுக் கல்வியும் கைகோத்து நின்றமையால் அவர்கள் பல நூற்றாண்டுகள் ஒழுக்கங் குன்றாது வாழ்ந்தனர். தம்மால் தீர்க்கவியலாத வழக்கு எழுந்தபோது, பதினாறாம் நூற்றாண்டிலே, கெய்ரோ நகரிலிருந்த டேவிட் பென் சிம்ரா என்னும் பேரறிஞருக்கு எழுதிக் கேட்டனர். கேட்கவேண்டியதை மாத்திரம் கேட்டனர் என்பதே கவனிக்கத்தக்கது. அவர்களிற் பெரும்பாலார் 1950 களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

இல்லத்து மரபு இல்லாதவனுக்கு ஆசான் இன்றியமையாதவர் என்பதை எவரும் மறுப்பதில்லை. மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பிலே, முன்னோர் வாக்குகளைத் திரட்டிய பகுதியில், உனக்கென ஓர் ஆசானை ஏற்படுத்திக்கொள் என்ற கருத்தில் ஓர் அறிவுரை உண்டு. ஏற்படுத்திக்கொள்பவன் மாணாக்கனே. ஆகவே அடங்கி நடத்தலுங்கூட ஒரு தேர்விலேயே தொடங்குகிறது. அத்தேர்வுக்கு அறிவு வேண்டும். அவ்வறிவைப் பெறவோ ஆசான் வேண்டும். இச்சுழலிலிருந்து எளிதில் வெளிவர வழியில்லை.

இனி, அடக்கத்தை வற்புறுத்துவோர் எதனை ஆதாரமாகக் காட்டுகின்றனர் என்று பார்ப்போம். உபாகமத்தின் பதினேழாம் அதிகாரம், கடினமான வழக்கைத் தலைமை நியாயத்தலத்துக்குக் கொண்டு செல்லும்படியும், அங்குச் சொல்லப்படும் தீர்ப்பை விட்டு வலமோ இடமோ விலகாதிருக்கும்படியும் விதிக்கிறது. இதற்கு உரை செய்த பழைய நூலொன்று, உனக்கு இடமென்று தோன்றுவதை அவர்கள் வலமென்று சொன்னாலும் கேள் என்ற பொருள்பட விரித்துரைத்தது. பிரான்சு நாட்டுப் பேருரையாளராகிய ரஷி அதனைத் தம் உரையிலே எடுத்தாண்டமையால், அக்கருத்து யூதச் சிறுவர் யாவரும் அறிந்ததொன்றாயிற்று. ஆயின் எருசலேம் தல்மூதிலே நேர்மாறான உரை காணப்படுகிறது. வலத்தை வலமென்றும் இடத்தை இடமென்றும் அவர்கள் சொல்லும்போதுதான் கேட்கவேண்டும் என்பது அதன் முடிபு. இரண்டும் பழைய நூல்களே, இரண்டும் பிரமாணமே. முதலுரையை மாத்திரம் கற்பித்து இரண்டாவதை மறைத்துவிடும் ஆசானிடம் வந்தவன் சிறிது எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

மிஷ்னாவிலே இப்பொருள்பற்றி ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. அதனைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். எருசலேம் ஆலயம் கி.பி. 70 இல் அழிந்தபின் யாவ்னே என்னும் ஊரிலே சான்றோர் அவை கூடியது. அதற்குத் தலைவர் கமாலியேல். அப்போஸ்தலர் நடபடிகளிலே வரும் கமாலியேலின் பேரனார் இவர். அக்காலத்தில் பிறை கண்டோரின் சாட்சியைக் கேட்டே மாதத்தின் முதல் நாள் குறிக்கப்படும். ஒருமுறை இருவர் வந்து பிறை கண்டோம் என்றனர். ஆனால் மறுநாள் இரவு பிறை தென்படவில்லை. கமாலியேல் அச்சாட்சியை ஏற்றார். யோசுவா என்னும் பேரறிஞரோ அது பொய்ச்சாட்சி என்ற கருத்தின் பக்கம் நின்றார். அவர் கணக்குப்படி பாவநிவிர்த்தி நாள் ஒரு நாள் பிந்தி வரும். ஆண்டின் மிகப் புனிதமான நாள் அது. உபவாசம் இருக்கும் நாள். கோலெடுத்தலும் காசெடுத்தலும் ஆகாத நாள். கமாலியேல் ஆணையிட்டார்: உமது கணக்குப்படி பாவநிவிர்த்தி நாளாக வரும் அந்நாளிலே, கையிற் கோலும் மடியிற் பணமுமாக என் முன்னே வருக என்று.

யோசுவா துயருற்றார். அக்கிபா என்பவர் அவரைத் தேற்றினார். நாள் குறிக்கும் உரிமையை வேதம் அவைக்கே தந்துள்ளது, அவை தவறினும் நாள் நாளே என்று காட்டினார். சாட்சியை முதலில் மறுத்தவராகிய தோசா என்னும் முதியவரே, இந்த அவையின் தீர்ப்பை ஆராயப் புகுந்தால் மோசே காலந்தொட்டு வந்த எல்லா அவைகளையும் ஆராயவேண்டிவரும் என்றார். யோசுவா கோலையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு யாவ்னேக்கு நடந்தார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, அறிவால் என் ஆசானே, என் சொல்லை ஏற்றமையால் என் மாணாக்கனே என்ற கருத்தில் வரவேற்றார்.

அடக்கத்தின் பெருமையைக் காட்ட இக்கதையை எடுத்தாள்வோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர். ஒன்று, யோசுவாவின் கருத்து மாறியதாக எங்குமே சொல்லப்படவில்லை. அவர் கால்கள் நடந்தன. அறிவு தன்னிடத்திலேயே நின்றது. பொதுவில் ஒரே நாளைக் கொண்டாடாவிட்டால் சமுதாயம் இரண்டாகிவிடும் என்பதற்காக நடந்தார். மற்றொன்று, கதை அங்கே முடியவில்லை. பாபிலோனியத் தல்மூதிலே இதன் தொடர்ச்சி உண்டு. பின்னொருநாள் மாலை வழிபாடுபற்றிய வாதத்திலே கமாலியேல் யோசுவாவை அவை நடுவே நிற்கவைத்து அவமதித்தார். அவையோர் பொறுக்கவில்லை, எத்துணை நாளைக்கு இவரைத் துன்புறுத்துவது என்று கொதித்தெழுந்து கமாலியேலைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டனர். அன்று பள்ளியின் வாயிற்காவலனை நீக்கி யாவரையும் உள்ளே விட்டனர். புதிதாக நூற்றுக்கணக்கான பலகைகள் இடவேண்டியிருந்தது. கமாலியேல் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போனபோது, சுவரெல்லாங் கரிபடிந்திருக்கக் கண்டு, நீர் கரித்தொழிலாளியோ என்று வினவினார். கற்றோர் எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதை அறியாத உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ என்று யோசுவா வருந்தினார். ஆணையிடும் உரிமை பெற்றவரே, மாணாக்கனின் வாழ்வை அறியாவிடின், அவ்வுரிமையை இழக்கலாம் என்று ஓர் வேதநூலே பதிந்து வைத்திருப்பது வியக்கத்தக்கதன்றோ.

இதனினும் கூர்மையானது மிஷ்னாவின் ஹோராயோத் என்னும் பகுதியின் முதல் விதி. நியாயத்தலம் தவறான தீர்ப்புக் கூறி, அதனை நம்பி ஒருவன் தவறு செய்தால், அவன் தனக்கெனப் பாவப்பலி செலுத்தவேண்டியதில்லை. குற்றம் நியாயத்தலத்தைச் சாரும். ஆயின் தீர்ப்புத் தவறென்று அறிந்த ஓர் அவையுறுப்பினரோ, தீர்ப்புக் கூறும் தகுதியுள்ள ஒரு மாணாக்கனோ, தெரிந்துகொண்டே அதன்படி நடந்தால் அவன் குற்றவாளி. பெரியோர் சொன்னார், யான் செய்தேன் என்ற மொழி அறியாதவனைக் காக்கும், அறிந்தவனைக் காவாது. என்னைக் கேட்டால், புதிதாகத் திரும்பியவனின் சிக்கல் முழுவதும் இச்சிறு விதியினுள்ளேயே அடங்கிவிடுகிறது என்பேன். முதலாண்டில் அவன் அறியாதவன். ஆசானிற் சார்ந்திருப்பதே முறை. பத்தாண்டு கற்றபின்னரும் அவன் அறியாதவனாகவே இருக்கவேண்டுமென்று எவரேனும் விரும்பினால், அவ்விருப்பம் அம்மிஷ்னாவுக்கு ஒவ்வாது.

இதுகாறும் கூறியவை சட்டத் தீர்ப்புப்பற்றியன. இறைச்சிக்கும் பாலுக்கும், பிறைக்கும் பண்டிகைக்கும் உரியன. இக்காலத்திற் பெரிய பூசல் விளைப்பது வேறொன்று. எந்த வேலைக்குப் போவது, சர்வகலாசாலைப் படிப்பைத் தொடர்வதா விடுவதா, எவரை மணப்பது, தேர்தலில் எவருக்கு வாக்களிப்பது என்பனவற்றிலும் பெரிய ரபீமாரின் கருத்தே வேதத்தின் கருத்து என்னும் கொள்கை அது. ‘தாஅத் தோரா’, அதாவது வேத நோக்கு, என்று அதனை அழைப்பர். தொடர் பழையது; அதற்கு ஏற்றிய இப்பொருள் புதியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1912 இல் கத்தோவிச் நகரிலே வைதிக யூதர் அகுதாத் இஸ்ரேல் என்ற அரசியற் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதன் முடிவுகளுக்கு வேத அறிஞர் அவையொன்று மேலாட்சி செய்யவேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது. உலகியல் அறிவு பரவி, ரபீயின் ஆட்சி யூத மக்களிடையே தளர்ந்துபோன காலத்திலே, எஞ்சியோரிடை அவ்வாட்சி முன்னைவிட விரிந்தது. கோட்டை சுருங்குந்தோறும் மதில் உயர்வது இயல்பே.

இக்கொள்கையை ஏளனஞ் செய்து ஒதுக்குதல் எளிது. ஆயினும் அது நேர்மையாகாது. இரண்டாம் உலகப்போரின் பின்னர், ரபீ எலியாகு தெஸ்லர் என்பாருக்கு ஒருவர் எழுதினார். பெரிய ரபீமார் காலத்தைச் சரியாகக் கணித்திருந்தால் ஐரோப்பாவில் இத்துணை மக்கள் மடிந்திரார் அன்றோ என்பது அதன் சாரம். தெஸ்லர் தாமே லித்துவேனியாவின் அக்கல்விமரபில் வளர்ந்தவர்; அவ்வழிவில் தம் உலகத்தையே இழந்தவர். அப்பெரியோரின் அருகிருந்து அவர் அறிவின் ஆழத்தைக் கண்டவன் யான், நம் கண்ணுக்குத் தோன்றுவதைக்கொண்டு அவர்களை அளக்கலாகாது என்ற பொருளில் விடை எழுதினார். சான்றோரிடத்து நம்பிக்கை என்பதன் அடியிலே இத்தகைய பற்றும் துயரமும் கிடக்கின்றன. ஆயினும் வினவியவரின் வினா அங்கேயே நிற்கிறது. அவ்வினாவைக் கேட்டது குற்றமென்று சொல்ல என் நா எழவில்லை.

மீட்சியின் வழியில் நடந்த இருவரைப்பற்றி இங்கே சொல்லுதல் பொருந்தும். ஒருவர் வியன்னாவிற் பிறந்த நேதன் பேர்ன்பௌம். ‘சியோனிசம்’ என்னும் சொல்லை 1890 இல் ஆக்கியவர் இவரே. 1908 இல் செர்னோவிச் நகரிலே இத்திஷ் மொழி மாநாட்டைக் கூட்டியவரும் இவரே. சியோனிசத்தை விட்டு, மொழித் தேசியத்தையும் கடந்து, இறுதியில் வைதிக நெறிக்குத் திரும்பி, 1919 இல் முன்கூறிய அகுதாத் இஸ்ரேலின் பொதுச் செயலாளரானார். நாத்திகராயிருந்த சிந்தனையாளர் ரபீமாரின் அவைக்குப் பணிந்துவிட்டார் என்று பலர் வியந்தனர். பணிந்தார், ஆனால் வாய் மூடவில்லை. வைதிகரே தம் வாழ்வை உயர்த்திக்கொள்ளல் வேண்டுமென்று ‘எழுவோர்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு குழுவை அவர்களுள்ளேயே தொடங்கினார். அது நிலைக்கவில்லை.

மற்றவர் பிரான்ஸ் றோசன்ஸ்வைக். 1913 இல் கிறித்தவராக முடிவு செய்திருந்த இந்த ஜேர்மானிய மெய்யியலறிஞர், அவ்வாண்டு பாவநிவிர்த்தி நாளன்று பேர்லினிலே ஒரு வைதிக ஜெபஆலயத்தில் வழிபாடு கண்டு மனம் மாறியதாக வழங்கும் வரலாறு யாவரும் அறிந்தது. 1920 இல் பிராங்க்பேட் நகரிலே அவர் நிறுவிய கல்விக்கூடத்திற்குப் பழைய நூல்களைக் கற்க வந்தோரிற் பலர் எபிரேயமே சரியாக அறியாதவர். சட்டத்தை முற்றாக ஏற்பதா, மார்ட்டின் பூபரைப் போல அதன் கட்டளைத்தன்மையை மறுப்பதா என்ற கேள்விக்கு அவர் மூன்றாவதொரு வழி கண்டார்: செய்ய இயன்றதிலிருந்து தொடங்குதல், செய்யச் செய்ய அது தன்னை நோக்கிய கட்டளையாகக் கேட்கும் என்று காத்திருத்தல். வேத வாசகம் எழுதிய தோற்சுருளை உள்ளடக்கிய இரு சிறு கறுப்புப் பேழைகளை யூத ஆண்கள் காலை வழிபாட்டிலே கையிலும் தலையிலும் கட்டுவர். தெஃபிலின் என்பது அதன் பெயர். நீர் தெஃபிலின் கட்டுகிறீரா என்று அவரை ஒருவர் வினவியபோது, ‘இன்னும் இல்லை’ என்றாராம். மறுக்கவுமில்லை, இணங்கியதாக நடிக்கவுமில்லை. 1922 முதல் கைகால் முடங்கி, பின்னர் பேச்சும் இழந்து, 1929 இல் மறைந்தார். முடங்கிக்கிடந்த அவ்வாண்டுகளிலேதான் பூபருடன் சேர்ந்து வேதத்தை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார்.

இவ்விருவரும் பேரறிஞர், தம் வழியைத் தாமே வகுக்கவல்லவர். அத்திறனற்ற சாதாரண மனிதனின் இக்கட்டை 2004 இறுதியிலும் 2005 தொடக்கத்திலும் எழுந்த ஒரு பூசல் வெளிப்படுத்தியது. நேதன் ஸ்லிஃப்கின் என்னும் இளம் ரபீ, உயிர்களைப்பற்றியும் உலகத்தின் வயதைப்பற்றியும் வேதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இணக்கங் காட்டும் நூல்களை எழுதியிருந்தார். யோசெப் ஷாலோம் எலியாஷிவ் உள்ளிட்ட பெரிய ரபீமார் பலர் அவற்றைத் தடைசெய்தனர். ஸ்லிஃப்கின் தம் துணைக்குக் காட்டிய முன்னோருள் ஒருவர் மைமோனிதிஸின் மகன் ஆபிரகாம். எத்துணைப் பெரியவர் சொன்னாலும் ஆராயாமல் ஏற்றல் ஆகாது என்று எழுதிவைத்தவர் அவர். தந்தையார் மைமோனிதிஸோ, யார் வாயிலிருந்து வரினும் உண்மையை உண்மையாகவே கொள்க என்றவர். இவ்விடத்தில் வள்ளுவரை நினையாத தமிழர் இரார்.

அத்தடையாற் பெரிதும் கலங்கியோர் வைதிக இல்லத்துப் பிள்ளைகள் அல்லர், திரும்பி வந்தோரே. உலகம் மிகப் பழையது என்று கற்றிருந்த அவர்களை, வேதத்துக்கும் அதற்கும் முரண் இல்லையென்று சொல்லியே பலர் அழைத்திருந்தனர். உள்ளே வந்து, திருமணம் முடித்து, பிள்ளைகளை வைதிகப் பாடசாலையிற் சேர்த்தபின்னர், அழைத்த வாசலே சமயப் புரட்டென்று சொல்லப்பட்டது. பிறந்தகத்துக்கும் இனி முழுதாய்த் திரும்பவியலாது. தாயின் சமையலறையில் நீர் அருந்தவும் தனிக் கோப்பை தேடுபவராய் ஆகிவிட்டனர். சிலர் ஆசானின் சொல்லுக்கு அடங்கினர். சிலர் மௌனமாய்த் தம் கருத்தை உள்ளே வைத்துக்கொண்டனர். வேறு சிலர், சிலேடையிற் சொன்னபடி, வினாவுக்கே மீண்டுபோயினர்.

வைதிக இல்லத்துப் பிள்ளைக்கு இத்தகைய அதிர்ச்சி குறைவாயிருப்பதன் காரணம் யாது? அவன் ரபீயின் சொல்லைக் கேட்கவும் அறிவான். கேட்டதை எடைபோடவும் அறிவான். இது சட்டம், இது ஊர் வழக்கம், இது வேலிக்கு மேல் இட்ட வேலி, இஃது அன்பினாற் கூறிய ஆலோசனை என்று குரலிலிருந்தே பிரித்துணர்வான். ஓர் அறிஞரைக் கேட்டு அவர் ஆகாதென்றபின் மற்றொருவரிடம் போய் ஆகுமென்று தீர்ப்புப் பெறுதல் தல்மூதிலே தடுக்கப்பட்டது. ஆகையால் எதனை எவரிடம் முதலிற் கேட்பது என்பதே ஒரு கலை. அது வீட்டுத் திண்ணையிலே கற்கப்படுவது. புதிதாக வந்தவனோ எல்லாவற்றையும் கேட்கிறான். கேட்ட யாவற்றையும் சீனாய் மலையில் இறங்கிய கட்டளையாகவே கொள்கிறான். தாய் தந்தையர் வீட்டு விருந்துக்குப் போகலாமோ, தம்பியின் திருமணத்தில் நிற்கலாமோ என்பதையும் ஆசானே தீர்மானிக்கும் நிலை வந்தால், ஐந்தாம் கட்டளையாகிய பெற்றோரைக் கனம்பண்ணுதல் எவ்விடத்தில் நிற்கும்? நல்லாசிரியர் பலர் இதனை உணர்ந்தே, வீட்டாரோடு மனம் முறிக்காதே, மெல்லச் செல், ஒரேயாண்டில் யாவற்றையும் மாற்றற்க என்று புதியோருக்குச் சொல்லுகின்றனர். அவ்வாறு சொல்லாதாரும் உளர்.

சமூகவியலறிஞர் லின் டேவிட்மன் 1991 இல் வெளியிட்ட நூலிலே, நியூயோர்க்கிலுள்ள நவீன வைதிக ஜெபஆலயமொன்றுக்கும், மினசோட்டாவில் லுபாவிச் கூட்டத்தார் நடத்திய தங்கற் பள்ளிக்கும் வந்த பெண்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். முதலிடத்தில் அவரவர் வேகத்துக்கு இடமிருந்தது. இரண்டாமிடத்தில் வாழ்வு முழுவதற்கும் ஓர் ஒழுங்கு கிடைத்தது. சிதறிய வாழ்விலிருந்து வந்த சிலர் அவ்வொழுங்கையே நாடினர். தன் அறிவைக்கொண்டு முடிவு செய்து களைத்தவருக்கு, பிறர் முடிவிலே இளைப்பாறுதல் ஓர் ஆறுதல். அதனை இழிவென்று எண்ணவேண்டியதில்லை. எவ்வளவு காலம் இளைப்பாறுவது என்பதுதான் வினா.

அவ்வினாவுக்கு வேதப்பள்ளிகள் தரும் விடை, நல்ல பள்ளிகளாயின், பாடத்திலேயே இருக்கிறது. தல்மூதின் அச்சிட்ட பக்கத்தை விரித்துப் பார்த்தால் நடுவிலே மூலம் இருக்கும். உள் ஓரத்திலே ரஷியின் உரை ஓடும். எதிர்ப்புறத்து வெளி ஓரத்திலே தோசஃபோத் என்னும் பிற்கால உரை. ரஷி 1105 இல் மறைந்தவர். தோசஃபோத் உரைகாரருள் முதன்மையானவர் ரபெனு தாம், ரஷியின் மகள்வயிற்றுப் பேரன். பாட்டனார் உரைத்ததைப் பேரன் அப்பக்கத்திலேயே பன்முறை மறுக்கிறார். முன்னே சொன்ன தெஃபிலினுள் இடும் நான்கு வேதப்பகுதிகளின் வரிசையிலும் இருவரும் மாறுபட்டனர். உலக வழக்கம் ரஷியின் வரிசையைத் தழுவிற்று. ஆயினும் பக்திமான்கள் சிலர் இன்றும் ரஷியின் பேழைகளைக் கட்டி வழிபட்டபின், அவற்றை அவிழ்த்து, ரபெனு தாமின் வரிசைப்படி அமைந்த வேறொன்றையும் கட்டிக்கொள்வர். புதிதாகத் திரும்பியவன் கையில் ஆசான் முதன்முதற் கட்டிவிடுவது ரஷியின் தெஃபிலின். எதற்கு இந்த வரிசை என்று அவன் அன்று கேட்பதில்லை. கேட்டாலும் விடை விளங்காது. சில ஆண்டுகள் கழித்து, அதே ஆசானின் அருகிலிருந்து, விரலை வெளி ஓரத்துச் சிற்றெழுத்திலே வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது, பேரன் பாட்டனை மறுக்குமிடம் வரும்.